ஐந்தாவது ஆளின் கோபம்

மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் மூன்று. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, படிக்காமலே படித்தவராகும் வித்தை. முதல் இரண்டையும் யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் தேடுபொறி இல்லை. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதில் சந்தேகமே கிடையாது. பல்கலைக்கழகத்தின் மேலாண்மை ஆய்வுத் துறை, இரண்டாம் மாடி, மின்தூக்கி வேலை செய்யாத பக்கம்.

"ஆய்வுத் தேடுபொறியைப் பயன்படுத்துவதற்கான சிறந்த நடைமுறைகள்" என்ற சுற்றறிக்கையைத் தயாரிக்க அங்கே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு பதினொரு முறை கூடியது. முதல் மூன்று கூட்டங்கள் "நடைமுறைகள்" என்று போடுவதா "வழிமுறைகள்" என்று போடுவதா என்பதில் கழிந்தன. நான்காவது கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஐந்தாவது கூட்டம் விசாரித்தது. எஞ்சிய ஆறில், கூட்டத்துக்கு இரண்டு வீதம், பன்னிரண்டு நடைமுறைகள் பிறந்தன. அறிவு இப்படித்தான் அவசரப்படாமல் வளரும்.

தேடுபொறியை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சொல்லைத் தட்டினால் போதும், அதைப் பற்றி உலகத்து ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளையெல்லாம் அது வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொன்றின் கீழும், எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண் இருக்கும். சிலவற்றின் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம் இருக்கும். சந்தா கட்டாதவர்களுக்குச் சுருக்கம் மட்டும்தான் தெரியும் என்று அதற்குப் பொருள். சாதாரண மனிதர்கள் பூட்டைக் கண்டால் திரும்பிப் போவார்கள். குழு திரும்பவில்லை. ஆறாம் நடைமுறை இப்படிச் சொன்னது: "சுருக்கத்தைப் படித்தவர், கட்டுரையைப் படித்தவராகவே கருதப்படுவார்." ஏழாம் நடைமுறை இன்னும் கருணை மிக்கது: "சுருக்கம் நீளமாக இருப்பின் தலைப்பு போதுமானது." ஒன்பதாவதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது: "மேற்கோள் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற கட்டுரையைச் சேர்க்காத ஆய்வேடு ஏற்கப்பட மாட்டாது."

இந்த ஒன்பதாவது வந்து விழுந்தது 'ஏழாம் வருஷம்' தலையில்.

அது அவள் பெயரல்ல. ஆனால் துறையில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது 'முதல் வருஷம்' என்றார்கள். அப்புறம் 'ரெண்டாம் வருஷம்'. பெயர் மட்டும் வருஷா வருஷம் பதவி உயர்வு பெற்றது. ஏழு வருஷத்துக்குமேல் பதிவு செல்லாது. வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அவள் எந்த வருஷமும் இல்லை, வெறும் ஆள்.

அவள் ஆய்வு, வரிசையில் நிற்பவர்களின் கோபத்தைப் பற்றியது. அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது. போய்ப் பார்த்துவிடுவாள். இரண்டு வருஷம் நோட்டும் கையுமாக நாற்பத்தாறு வரிசைகளில் நின்றாள். அஞ்சலகம், மருத்துவமனை, ரயில் நிலையம் என்று கால் வீங்க நின்று, ஆயிரத்து முந்நூறு கோபங்களைப் பதிவு செய்தாள். அவற்றில் பதினேழு அவள்மேலேயே காட்டப்பட்டவை. கடைசியில் அவள் கண்டது எளிய விஷயம். எத்தனையாவதாக நிற்கிறோம் என்பதற்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை. கவுன்டருக்கு உள்ளே இருப்பவர் போனில் சிரித்துப் பேசினால் வெளியே கோபம் வருகிறது, அவ்வளவுதான். இதுதான் அவளுடைய நாலாம் அத்தியாயம்.

ஆனால் அறிவுலகம் வேறு மாதிரி முடிவு செய்து வெகு காலமாகியிருந்தது. "வரிசையில் ஐந்தாவதாக நிற்பவருக்கே முதலில் கோபம் வரும்" என்று எக்ஸ், வொய் என்ற அறிஞர் நிறுவியிருந்தார். முந்நூற்றுப் பதினெட்டு மேற்கோள். அதை நம்பிப் பல அலுவலகங்களில் ஐந்தாம் இடத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறாவது ஆள் அதில் தடுக்கி விழுந்தது வேறு ஆய்வுக்குரிய பொருள். எக்ஸ், வொய் என்பவர் ஒருவரா இருவரா என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் நெறியாளரின் அறைக்குப் போனாள். துறைத்தலைவரும் அவரே, நடைமுறைக் குழுவின் தலைவரும் அவரே. ஆய்வேட்டைப் பின்னாலிருந்து படிப்பவர் அவர். நோக்கு நூல் பட்டியலில் தொடங்கிப் பெரும்பாலும் அங்கேயே முடித்துவிடுவார்.

"எக்ஸ், வொய் எங்கம்மா?"

"சேர்க்கல சார்."

"முந்நூத்திப் பதினெட்டு மேற்கோள் வாங்கின மனுஷன். நீ சேர்க்கல."

"அவர் சொன்னது தப்புன்னு தெரியுது சார். எங்க தப்புன்னு எழுதணும்னா படிக்கணுமில்ல? கட்டுரை எங்கயுமே கிடைக்கல."

"பூட்டு போட்டிருக்கா? ஆறாம் நடைமுறையைப் பாரு."

"பூட்டே இல்ல சார். கதவே இல்ல. சுருக்கம்கூட இல்ல. வெறும் தலைப்பும் எண்ணும்தான்."

"கிடைக்காமலா முந்நூத்திப் பதினெட்டு பேர் மேற்கோள் காட்டினாங்க?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

"கேக்கறது என் வேலைம்மா." அவர் ஆய்வேட்டை மூடினார். "அடுத்த மாசக் கருத்தரங்குக்கு அவரைத்தான் சிறப்பு விருந்தினரா கூப்பிட்டிருக்கோம். மூணு மின்னஞ்சல் போட்டாச்சு, பதில் வரல. பெரிய மனுஷங்க அப்படித்தான். ஒருவேளை ரெண்டு பேரா வந்துட்டா என்ன பண்றதுன்னு மேடையில ரெண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். அவர் வந்து உக்காரும்போது, அவர் சொன்னது தப்புன்னு ஒரு ஆய்வேடு என் துறையிலேர்ந்து வெளியே போகணுமா?"

அவள் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு. அவர் சொன்னதை ஏத்துக்கிட்டு நாலாம் அத்தியாயத்தை மாத்து. இல்ல, அவர் கட்டுரையைக் கொண்டுவந்து என் மேஜைமேல வை. அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

நாலாம் அத்தியாயத்தை மாற்றுவது என்றால் ஆயிரத்து முந்நூறு கோபங்களையும் ஐந்தாம் இடத்துக்கு நகர்த்துவது. படிக்கட்டில் இறங்கும்போது, இரண்டு வருஷத்து வீக்கமும் திரும்பி வந்ததுபோல் கால் கனத்தது.

சாயந்திரம் வீட்டில் அவள் கணவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய், மீட்டரில் ஓடிய எண்ணைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதுவது உத்தியோகம்.

"இன்னைக்கு எத்தனை நாய்?" என்று கேட்டாள். அந்த வீட்டில் நலம் விசாரிப்பது அப்படித்தான்.

"ரெண்டு. ஒண்ணு பழகினதுதான். உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "ஏங்க, வீடு பூட்டியிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"'பூட்டு'ன்னு எழுதிட்டு வந்துடுவேன். மறுபடி ஒரு நாள் போவேன்."

"உத்தேசமா ஒரு எண் போட மாட்டீங்களா?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன் போட்டான். மரத்தடியில உக்காந்துக்கிட்டு, மாசா மாசம் முந்தின மாசக் கணக்கைப் பாத்தே தெரு முழுக்க எழுதிட்டு வந்தான். அதுல ஒரு வீட்டை இடிச்சு மூணு மாசம் ஆயிருக்கு. இடிச்ச வீட்டுல நூத்தி நாப்பது யூனிட் ஓடியிருக்குன்னு எழுதியிருக்கான்."

"அப்புறம்?"

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

"எங்க துறையா இருந்தா தலைவராக்கியிருப்பாங்க." அவள் சிரிக்கவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"பழைய நோட்டையெல்லாம் ஒவ்வொண்ணா பின்னால புரட்டினாங்க. கடைசியா நிஜமா மீட்டரைப் பாத்தது யாருன்னு."

அவள் எழுந்துபோய்க் கணினியைத் திறந்தாள்.

செவ்வாயும் புதனும் அவள் பின்னால் புரட்டினாள். ஒரு கட்டுரை எக்ஸ், வொய்யை எங்கிருந்து எடுத்தது என்று பார்ப்பது. அது காட்டிய கட்டுரைக்குப் போய், அது எங்கிருந்து எடுத்தது என்று பார்ப்பது. நடைமுறைகள் பன்னிரண்டிலும் இல்லாத நடைமுறை.

போன வருஷம் வந்த கட்டுரையில் எக்ஸ், வொய் முழு அலங்காரத்தோடு இருந்தார்: "எக்ஸ், வொய் மற்றும் குழுவினர், 'வரிசையில் ஐந்தாமவரின் சினம்: ஒரு பன்னாட்டு ஒப்பாய்வு', சர்வதேச நீல ஆய்விதழ், தொகுதி 12, பக்கம் 41–58." நாலு வருஷம் பின்னால் போனதும் "பன்னாட்டு ஒப்பாய்வு" காணாமல் போனது. இன்னும் கொஞ்சம் போனால் குழுவினர் கலைந்துபோனார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதழ் "சர்வதேச" ஆகியிருக்கவில்லை, உள்ளூரிலேயே இருந்தது. அதற்கும் முன்னால் தொகுதி எண் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முந்திய கட்டுரையில் "பக்கம்" என்ற சொல்லுக்கு அப்புறம் எண்ணே இல்லை, ஒரு முற்றுப்புள்ளிதான் இருந்தது. நகை போட்டுவந்த ஆளிடமிருந்து இரவல் நகைகளை ஒவ்வொருத்தராக வந்து வாங்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது அவளுக்கு.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் கொஞ்சம் துடைத்து, கொஞ்சம் மெருகேற்றி, அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் சுத்தமானவர்கள்.

வியாழக்கிழமை காலை மிச்சமிருந்தது ஒரே ஒரு தடம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு கருத்தரங்கின் கட்டுரைத் தொகுப்பு. தேடுபொறியில் பெயர் மட்டும் இருந்தது. புத்தகம் பல்கலைக்கழக நூலகத்தின் அச்சுப் பிரிவில் இருந்தது.

"அச்சுப் பிரிவா?" நூலகர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நிஜமாவா? இரும்மா, சாவி எங்க வெச்சேன்னு பாக்கறேன்."

சாவி கிடைத்தது. வருகைப் பதிவேட்டைத் தூசி தட்டி நீட்டினார். கடைசியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவள் அவளே. மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"அன்னைக்கு நீ குடையை மறந்துட்டுப் போயிட்டே," என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துக் கொடுத்தார் நூலகர். "அதுக்கப்புறம் யாரும் வரல. அதனால பத்திரமா இருந்துது."

அவள் தொகுப்பைப் பிரித்தாள். எண்பத்தேழாம் பக்கம். கட்டுரையின் அடியில், பழைய தட்டச்சில், இப்படி இருந்தது:

"எக்ஸ், வொய் — நீல அட்டை போட்ட இதழ். சரியான பெயர், தலைப்பு, பக்கம் எல்லாம் பார்த்துப் போடணும்."

இவ்வளவுதான் அந்த மாபெரும் அறிஞர். எழுதியவர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு, அழிக்க மறந்து அச்சேறியிருந்தது. தலைப்புகூடப் பிற்காலத்து வாரிசுகளின் உபயம். எழுதியவர் பெயரைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு புகைப்படம். தலை நிறைய முடியோடு அவளுடைய நெறியாளர்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அப்புறம் அந்தத் தூசிக்குள் நின்றபடியே அழுதாள். இல்லாத ஒரு ஆள் தன் இரண்டு வருஷத்தை வாங்கிக்கொண்டு போகப் பார்த்தானே என்று அழுதாள்.

மத்தியானம் தொகுப்பைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தாள்.

"கேட்டீங்களே சார், கட்டுரை."

நெறியாளர் அந்தப் பக்கத்தை முன்னாலிருந்து படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார், திரும்பக் கழற்றினார்.

"அன்னைக்குக் கடைசி நாளும்மா," என்றார் மெல்ல. "அச்சகத்துக்காரர் வாசல்ல நின்னுட்டிருந்தார். எங்கயோ நீல அட்டையில பாத்த ஞாபகம். சாயந்திரம் பாத்துப் போட்டுடலாம்னு நினைச்சேன்."

"எந்தச் சாயந்திரம் சார்?"

"பத்தொன்பது வருஷமா ஒரு சாயந்திரம் கிடைக்கல."

அவர் சொன்னவிதத்தில் அவளுக்கு ஒரு நொடி இரக்கமாகக்கூட இருந்தது. "அப்படி ஒரு இதழ் நிஜமா இருந்துதா சார்?"

அவர் தொகுப்பை மூடினார். பிறகு மென்று விழுங்கிச் சொன்னார். "என் மச்சான் ஒருதரம் ஆஸ்பத்திரி வரிசையில நின்னு கத்தினான். அஞ்சாவதா நின்னான். அவன் கையில நீல அட்டை போட்ட ஃபைல் ஒண்ணு இருந்துது."

"அப்ப சிறப்பு விருந்தினரா உங்க மச்சானையே கூப்பிட்டுடலாம் சார்."

"அவன் ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டாம்மா," என்றார் நெறியாளர், உண்மையான வருத்தத்தோடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் குழு அவசரமாகக் கூடியது. நெறியாளர் தன் பெயரைச் சொல்லாமல், "மூலத்தில் ஒரு சிறு அச்சுச் சிக்கல்" என்று மட்டும் அறிவித்தார். அவளையும் ஓரத்தில் உட்காரவைத்தார்கள்.

"கட்டுரையே இல்லைங்கறீங்களா?" என்றார் மூத்த உறுப்பினர். "நானே நாலு தடவை மேற்கோள் காட்டியிருக்கேனே!"

"படிச்சீங்களா சார்?" என்றாள் அவள்.

"ஆறாம் நடைமுறைப்படி படிச்சேன்."

"சுருக்கமே கிடையாது சார்."

"அப்ப ஏழாம் நடைமுறைப்படி."

"முந்நூத்திப் பதினெட்டு பேரும் ஒரே நேரத்துல பொய் சொல்லுவாங்களா?" என்றார் இன்னொருவர். "அவங்க எல்லாரும் சேர்ந்து வரிசையில நின்னா எவ்வளவு தூரம் போகும்னு யோசிச்சுப் பாருங்க."

இந்த வாதம் அப்படியே கூட்டக் குறிப்பில் ஏறியது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: "மேற்படி கட்டுரை இல்லை என்பதற்கு மேற்கோள் காட்டத்தக்க கட்டுரை எதுவும் தேடுபொறியில் இல்லாத காரணத்தால், மேற்படி கட்டுரை இருப்பதாகவே கருதப்படும்."

எல்லாரும் கலைந்ததும் நெறியாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மணி மூன்றேமுக்கால்.

"நாலாம் அத்தியாயம் அப்படியே இருக்கட்டும்," என்றார். "எக்ஸ், வொய் இல்லைன்னு தனியா ஒரு அத்தியாயம் போட்டாலும் போட்டுக்கோ. என் பேரை மட்டும் எழுதாதே. உள்ள யாரும்மா பாக்கப் போறாங்க? சுருக்கத்துல மட்டும் ஒரு வரி, நான் சொல்றபடி."

"என்ன வரி சார்?"

"'எக்ஸ், வொய் நிறுவிய ஐந்தாமவர் கோட்பாட்டை இவ்வாய்வு விரிவாக ஆராய்கிறது.' பொய்யில்ல பாரு. ஆராயத்தானே செஞ்சே?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு வருஷத்தையும் பார்த்தாள். ஒரு வரிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். எக்ஸ், வொய்யின் கதையை ஏழு பக்கத்தில் ஓர் அத்தியாயமாக அங்கேயே உட்கார்ந்து தட்டினாள். அந்த ஒரு வரியையும் தட்டினாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு அலுவலகத்தில் முத்திரை விழுந்தது.

பத்து மாதம் கழித்து, முனைவராகிவிட்ட அவள், தன் ஆய்வேட்டைத் தேடுபொறியில் தேடினாள். மேற்கோள்: நாற்பத்தொன்று. சந்தோஷத்தோடு ஒவ்வொன்றாகத் திறந்தாள். "எக்ஸ், வொய்யின் ஐந்தாமவர் கோட்பாட்டை அண்மையில் ஒரு விரிவான ஆய்வும் உறுதி செய்துள்ளது" என்று எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். எக்ஸ், வொய்யின் மேற்கோள் முந்நூற்று அறுபதைத் தொட்டிருந்தது.

பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. ஆய்வேடு எத்தனை தடவை திறக்கப்பட்டது என்ற எண். ஒன்று.

"யாரோ ஒருத்தர் திறந்து பாத்திருக்காங்க," என்றாள் கணவரிடம்.

"நான்தான். மூணு நாள் ஆச்சு படிச்சு முடிக்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு வரி ரெண்டு தடவை வந்திருக்கு. கோபம் எல்லாத்தையும் நல்லா எண்ணியிருக்கே."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தான் எழுதிக்கொடுத்த அந்த ஒரு வரியை நினைத்து வெட்கமும் வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து, தேடுபொறி நிறுவனத்துக்கு நீண்ட கடிதம் எழுதினாள். எக்ஸ், வொய் என்று யாரும் இல்லை, சுருக்கத்தில் அந்த வரியை எழுதியது என் தவறு, திருத்துங்கள் என்று. மறுநாள் அதைப் பதிவுத் தபாலில் அனுப்ப அஞ்சலகம் போனாள்.

அவளுக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். அவள் நின்ற இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. கவுன்டருக்குள் இருந்தவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசினார், சிரித்தார், "அப்புறம்?" என்றார், மறுபடி சிரித்தார். பத்து நிமிஷமாயிற்று. இருபது நிமிஷமாயிற்று. இரண்டு வருஷம் நோட்டோடு பொறுமையாக நின்ற பெண்ணுக்குக் கடைசியில் பொறுமை போயிற்று.

"ஹலோ! போனை வெச்சுட்டு வேலையைப் பாருங்க!"

வரிசை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து அஞ்சலக அதிகாரி ஓடிவந்தார், முகமெல்லாம் மகிழ்ச்சி.

"உக்காருங்க மேடம். நீங்க அஞ்சாவது ஆள். முதல்ல உங்களுக்குத்தான் கோபம் வரும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். அதான் நாற்காலி போட்டிருக்கோம்." சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு இருந்தது. அதில் ஐந்தாமவர் கோட்பாடு. கீழே ஆதாரமாக எக்ஸ், வொய். அதற்குக் கீழே அவளுடைய ஆய்வேட்டின் பெயரும் மேற்கோள் எண்ணிக்கையும்.

"அந்த ஆய்வேடு நான் எழுதினதுங்க! அதுல அப்படிச் சொல்லவே இல்ல!"

அதிகாரி அவளைப் பரிவோடு பார்த்தார். "எழுதியிருக்கலாம் மேடம். உள்ள என்ன இருக்குன்னு படிச்சுப் பாத்தீங்களா?"

"நீங்க படிச்சீங்களா?"

"நான் எதுக்கு மேடம் படிக்கணும்? நாப்பத்தொரு பேர் படிச்சிருக்காங்களே, எண்ணிக்கையே போட்டிருக்கு."

கவுன்டரில் போன் பேச்சு தொடர்ந்தது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்பத்தொரு அறிஞர்களும் வாசல்வரை வந்து, பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, உள்ளே எவ்வளவு ஓடியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கதவைத் திறந்து பார்த்த ஒரே ஆள், இந்நேரம் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நாய்க்குப் பயந்து நின்றுகொண்டிருப்பார். அவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது. பார்க்காமல் எழுதினால் வேலை போய்விடுகிற உத்தியோகம் அவருடையது.